குதிரை காயும் வரை

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கள் ஊர் நாற்சந்தியில் குதிரைத் தலை செதுக்கிய தெய்வக்கல் ஒன்று இருக்கிறது. காட்டில் மரம் இழுத்தும் வயலில் ஏர் இழுத்தும் செத்த குதிரைகளுக்காக அந்தக் காலத்தில் நட்டது. அதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். இப்போது கல்லின்மேல் மூன்றடிப் பனி கிடப்பதால் பனியின்மேல் கை வைத்துச் செய்கிறேன். பனி உருகினால் சத்தியம் தானாகவே கீழே இறங்கிக் கல்லில் உட்கார்ந்துகொள்ளும். எழுபத்தாறு வயதில் கண் பரிசோதனையில் தேறி ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வைத்திருக்கிறவன் நான். பார்க்காததைச் சொல்லும் வழக்கம் கிடையாது.

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைதோவில், எங்கள் தொகாச்சிச் சமவெளியில், முப்பத்தொரு வருஷம் பால் லாரி ஓட்டினேன். ஓய்வு பெற்ற பிறகு ஊர் முதியோர் பகல் மையத்தின் வேன் வந்து சேர்ந்தது. காலையில் வீடு வீடாகப் போய் மறதி நோய்க்காரர்களை ஏற்றி வருவேன், சாயங்காலம் கொண்டுபோய் விடுவேன். இரண்டும் ஒரே வேலைதான். பாலும் சரி, கிழவர்களும் சரி, குலுங்காமல் கொண்டுபோக வேண்டும், நேரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே வித்தியாசம், வளைவில் பால் வாயைத் திறந்து திட்டாது.

அந்தப் பாதையில் கடைசி வீடு தொகாஷி எய்கிச்சி அண்ணனுடையது. எண்பத்தாறு வயது. சிவப்புப் பயறும் சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட் கிழங்கும் போட்டு வாழ்ந்தவர். மனைவி கினு அக்காவுக்கு எண்பத்தொன்று. கிழங்கு பிடுங்கிப் பிடுங்கி முதுகு பாதியில் மடிந்துபோனவள். என்னோடு பேசும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள், என் முழங்காலிடம்தான் சேதி சொல்வாள்.

எய்கிச்சி அண்ணனிடம் ஆவோ என்று ஒரு கறுப்புக் குதிரை இருந்தது. ட்ராக்டர் வந்த வருஷம் அதை இறைச்சி லாரியில் ஏற்றி அனுப்பினார். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முந்தின கதை. அதன் பிறகு ஒரு தடவைகூட அதன் பேரைச் சொன்னதில்லையாம். மறதி வந்து மற்றதையெல்லாம் வாரிக்கொண்டு போன பிறகு, அடியில் கிடந்த ஆவோ மட்டும் மேலே வந்து நின்றுவிட்டது. தினமும் விடிகாலை மூன்று மணிக்கு வாளியும் கையுமாகக் கொட்டகைக்குக் கிளம்பிவிடுவார். வெளியே மைனஸ் இருபத்து நாலு. காலில் வெறும் சாக்ஸ். கொட்டகையில் ட்ராக்டர்தான் நிற்கிறது. அதன் டேங்கில் ஓட்ஸைக் கொட்டி, முன் விளக்கைத் தடவிக்கொடுத்து, "தின்னு" என்று சொல்வார். அந்தக் குளிர்காலத்தில் ட்ராக்டர் ஒரு சுற்றுப் பெருத்து, வசந்தத்தில் கொட்டகைக் கதவை அகலப்படுத்த வேண்டியதாகிவிட்டது. தச்சனைக் கேட்டுப் பாருங்கள். அவன் இப்போது உயிரோடு இல்லை, இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.

அவரை வேனில் ஏற்றுவது தினசரிப் போர்.

"இது எந்த ஊரு லாரி?" என்பார்.

"பால் லாரிதாண்ணே."

"பால் எங்கடா?"

"இன்னைக்கு நீங்கதான் பால்."

"நான் புளிச்சுப் போயிருப்பேனே."

"பரவாயில்ல, தயிருக்கு ஆகும். ஏறுங்க."

சிரித்தால் ஏறுவார். சிரிக்காத நாளில் கினு அக்கா பின்னாலிருந்து தள்ளுவாள், நான் முன்னாலிருந்து இழுப்பேன். இரண்டு பேருடைய வயதையும் கூட்டினால் நூற்றைம்பத்தேழு.

கினு அக்கா இரவில் அவர் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் ஒரு பருத்திக் கயிற்றால் கட்டிக்கொண்டு படுப்பாள். அவர் எழுந்தால் இவளும் எழுந்தாக வேண்டும். மணிக்கட்டில் தடம் விழுந்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, "கல்யாணத்துல கட்டாத கயிறு, இப்பக் கட்டியிருக்கேன்" என்றாள். அவள் பேர் அவருக்கு மறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் மனதில் அவள் மாட்டு வைத்தியரின் சம்சாரம். "அம்மணி, உங்க வீட்டுக்காரர் தேடப்போறாரு, கிளம்புங்க" என்று மரியாதையாகத்தான் சொல்வார். குளிக்க மாட்டார். அன்னிய வீட்டுப் பெண்மணி எதிரில் எப்படிச் சட்டையைக் கழற்றுவது? நியாயம்தானே. சில தடவை குளித்துப் பதினொரு நாள்கூட ஆகிவிடும்.

மையத்துக்குக் குதிரை வந்தது நவம்பரில்.

எங்கள் பக்கம் ஒரு பந்தயம் உண்டு. குதிரைகள் ஓடாது, இழுக்கும். இரும்புச் சறுக்குவண்டியில் பாரம் ஏற்றி, இரண்டு மண்மேடு ஏறி இறங்க வேண்டும். அதில் ஓய்வு பெற்ற குதிரை ஒன்றை நோபுயோ என்கிற பெண் வைத்திருந்தாள். ஐம்பது வயது, லாயத்தில் வேலை பார்த்தவள், குரல் மட்டும் மேட்டின் அந்தப் பக்கம் வரை போகும். குதிரையின் எடை ஆயிரத்தைம்பது கிலோ. பேர் மாமே, அதாவது பயறு. புதன்கிழமைதோறும் அந்தப் பயறு லாரியில் வந்து இறங்கும். கிழவர்கள் கம்பளி போர்த்திக்கொண்டு முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து அதற்குக் காரட் கொடுப்பார்கள், பிரஷ் போடுவார்கள், கழுத்தில் கை வைத்துச் சூடு பார்த்துக்கொள்வார்கள்.

மைய நிர்வாகி முராய் கையில் அட்டவணை வைத்திருப்பார். ஒன்பது நாற்பதுக்கு அறிமுகம், ஒன்பது ஐம்பதுக்கு பிரஷ், பத்து ஐந்துக்குக் காரட், பத்து பதினைந்துக்கு மகிழ்ச்சி. முதல் நாளே ஒன்பது நாற்பத்து மூன்றுக்கு மாமே தும்மியது. முராயின் தலைமுடி மொத்தமாகப் பறந்துபோய் அடுத்த வயலில் இறங்கியது. அது இன்னொருத்தருடைய முடி என்பது எங்களுக்கெல்லாம் அன்றுதான் தெரிந்தது. நரி ஒன்று எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு மனுஷன் எளிமையாகிவிட்டார்.

எய்கிச்சி அண்ணன் முதல் நாள் கிட்டே போகவில்லை. தள்ளி நின்று கால்களை மட்டும் பார்த்தார். கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "இடது பின்னங்குளம்பு" என்றார்.

நோபுயோ தூக்கிப் பார்த்தாள். குளம்புக்கும் லாடத்துக்கும் நடுவே பனிக்கட்டி இறுகிக் கிடந்தது.

"அட, தாத்தாவுக்குக் கண்ணு நல்லா இருக்கே!"

"தாத்தா யாருடி உனக்கு? சுரண்டு. சுத்தியக் கொண்டா. என்ன பாத்துக்கிட்டு நிக்கற, கழுதை!"

இரண்டு வருஷத்தில் அவர் தொடர்ச்சியாகப் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நோபுயோ மகிழ்ந்துபோய், "திட்டறாருங்க, நல்லாத் திட்டறாரு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு புதன்கிழமைகளில் வேன் ஏற்றும் போர் நின்றுவிட்டது. வாசலில் ரப்பர் பூட்ஸோடு தயாராக நிற்பார். புதன்கிழமை என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று முராய் அட்டவணையைப் பார்த்தார், டாக்டர் புத்தகத்தைப் பார்த்தார். புதன்கிழமை காலையில் எங்கள் ஊர் முழுக்கக் குதிரை வாசம் அடிக்கும் என்பது என் கருத்து. யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆனால் வாரத்தில் ஒரு புதன்தானே. மீதி ஆறு நாளும் கயிறும் வாளியும் ட்ராக்டரும்தான்.

ஜனவரிக் கடைசியில் ஒரு நாள், அவரை இறக்கிவிடப் போனபோது கினு அக்கா என்னை உள்ளே கூப்பிட்டாள். அடுப்பின்மேல் உருளைக்கிழங்கு உருண்டை வெண்ணெயில் வெந்துகொண்டிருந்தது. முட்டைக்கோஸும் மீனும் சேர்த்து ஊறப்போட்ட ஊறுகாயைத் தட்டில் வைத்தாள். ஊறுகாயில் பனித்தூள் இருந்தது. அப்படி இருந்தால்தான் எங்களுக்கு ருசி. மேசைமேல் ஒரு கடிதம்.

"நகரத்து விடுதில ஒரு கட்டில் காலியாகுதாம்" என்றாள் என் முழங்காலிடம். "பிப்ரவரி ரெண்டாவது புதன், சாயங்காலம் நாலு மணிக்கு ஃபோன் பண்ணுவாங்களாம். எடுத்து சரின்னு சொன்னா கட்டில் நமக்கு. எடுக்கலேன்னா வரிசைல அடுத்த ஆளுக்குப் போயிரும். மறுபடி வர ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ."

"சப்போரோவுல மகன் என்ன சொல்றான்?"

"மசாஹிகோ என்ன சொல்லுவான்? 'அம்மா, நீ அப்பாவுக்கு முன்னால போயிருவே'ங்கறான். சரியாத்தான் சொல்றான். அவன் கணக்கு வாத்தியார்."

"நீங்க?"

"சரின்னு சொல்லத்தான் போறேன். முடியல தம்பி." உருண்டையைத் திருப்பிப் போட்டாள். "நேத்து அவருக்கு முன்னால நானே கொட்டகைக்குப் போயி ட்ராக்டருக்கு வைக்கோல் போட்டுட்டு வந்தேன். வந்து கைய உதறிக்கிட்டு நிக்கறப்பத்தான் நினைச்சேன், எனக்கும் கழண்டுக்கிட்டு இருக்குன்னு."

எய்கிச்சி அண்ணன் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, "வைத்தியர் வந்திருக்காரா?" என்றார்.

"வந்திருக்காரு. உருண்டை தின்னுங்க" என்றாள் கினு அக்கா. நான் வைத்தியராக இரண்டு உருண்டை தின்றேன்.

அன்றைக்குத்தான் அவள் அந்தப் பழைய கதையைச் சொன்னாள். கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலம். காட்டிலிருந்து மரம் இழுத்துக்கொண்டு ஆவோ வேர்வையில் நனைந்து வந்து நின்றிருக்கிறது. எங்கள் பக்கத்துக் கட்டளை ஒன்று உண்டு. நனைந்த குதிரையைக் குளிரில் அப்படியே விட்டால் நெஞ்சு இறுகிச் செத்துவிடும். வைக்கோலை முறுக்கிக் கையில் பிடித்து, தோல் உலரும் வரை தேய்க்க வேண்டும். குதிரை காயும் வரை மனுஷர் யாரும் வீட்டுக்குள் போகக் கூடாது. வீட்டில் பிரசவமானாலும் சரி, தீப்பிடித்தாலும் சரி.

"நான் உள்ள சோறு பொங்குதேன்னு ஓடிட்டேன்" என்றாள். "பின்னங்கால் ரெண்டும் ஈரமா விட்டுட்டேன். ஆவோவுக்கு ஜன்னி கண்டுருச்சு. இவரு மூணு நாள் கொட்டகையிலேயே படுத்தாரு. குதிரை பொழைச்சுக்கிச்சு. எங்கிட்ட வசந்தம் வரைக்கும் பேசல. அதுக்கப்புறம் நான் எதையும் பாதில விட்டதில்ல." அடுப்பைத் தணித்துவிட்டு, "இதைத்தான் விடப்போறேன்" என்றாள்.

அடுத்த புதன்கிழமை இந்தச் சேதி மையத்துக்கும் எட்டியது. நோபுயோ ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"எங்க பந்தயத்துல குதிரை மூக்கு கோட்டைத் தாண்டினா ஜெயிப்பு இல்ல, பாத்துக்குங்க. சறுக்குவண்டியோட கடைசி நுனி, வால், அது தாண்டணும். அதுவரைக்கும் பந்தயம் முடியல. தாத்தாவுக்கு மூக்குத்தான் அந்தப் பக்கம் போயிருக்கு. வண்டி இன்னும் இந்தப் பக்கந்தான் கிடக்கு."

கினு அக்கா கம்பளிக்குள் கையைத் தேய்த்துக்கொண்டாள். "வண்டிய இழுக்கறது யாரும்மா? குதிரைதானே? குதிரைய யாரு கேட்டா?"

நோபுயோ பிரஷை எடுத்துக்கொண்டு மாமேயிடம் போய்விட்டாள்.

இரண்டாவது புதன் வந்தது. கடைசிக் குதிரை நாள் என்று கினு அக்காவும் கூடவே வந்தாள். மூன்றரைக்குள் வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இரண்டரைக்குப் பனிச்சூறை கிளம்பியது. எதிரே நிற்கிறவன் மூக்கு தெரியவில்லை, அவன் பேசுவது மட்டும் வருகிறது. வேனை எடுத்தேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் பள்ளத்தில் விழுந்ததில்லை. அன்றும் விழவில்லை. மையத்து வாசலைத் தாண்டியதும் பள்ளம்தான் சாலைக்கு ஏறி வந்து வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டது.

முராய் ஓடி வந்தார். "அட்டவணையில இது இல்லையே!"

"பள்ளத்துக்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

நோபுயோ பார்த்தாள். "ரெண்டு கிலோமீட்டர்தானே? மாமேவைப் பூட்டறேன். காரட் மூட்டை கொண்டுவந்த சறுக்குவண்டி இருக்கு. ஏறுங்க."

வண்டியில் கினு அக்காவையும் என்னையும் கம்பளியில் சுற்றி உட்காரவைத்தாள். கடிவாள வாரைக் கையில் எடுக்கப் போனவளை எய்கிச்சி அண்ணன் ஒதுக்கினார். தோளால் ஒதுக்கினார். வாரை வாங்கி உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். நோபுயோ அவரைப் பார்த்தாள், கினு அக்காவைப் பார்த்தாள், பிறகு குதிரையின் தலைப்பக்கம் போய் நடந்தாள்.

போனோம். சாலை தெரியவில்லை, வயல் தெரியவில்லை. குதிரையின் பின்பக்கம் மட்டும் ஒரு வீட்டுக் கூரை மாதிரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. தொகாஷி வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு மேடு. அதன் அடியில் மாமே நின்றுவிட்டது.

மணி மூன்று நாற்பது.

"நின்னுருச்சே, தட்டி விடுங்க" என்றேன்.

"வாய மூடுடா, பால்காரா" என்றார் எய்கிச்சி அண்ணன். "மேட்டுக்கு முன்னால குதிரை நிக்கும். மூச்சு வாங்கும். அதுவா கிளம்பும். அவசரப்படுத்தினா பாதில உக்காந்துரும். ஒன்ன மாதிரி எஞ்சின்னு நினைச்சியா?"

நின்றோம். பனி எங்கள் மடியில் ஏறி உட்கார்ந்தது. குதிரையின் விலாவிலிருந்து ஆவி எழும்பி அவர் முகத்தை மறைத்தது. கினு அக்கா நேரம் கேட்கவில்லை. எனக்கு என்னவோ, அவளும் மூச்சு வாங்கிக்கொள்கிறாள் என்று பட்டது. அந்த இரண்டு வருஷத்தில் அவளை யாரும் மேட்டுக்கு முன்னால் நிறுத்தவில்லை.

மாமே காதை முன்னால் சாய்த்தது. கிளம்பியது. மூன்று இழுப்பில் மேடு ஏறிவிட்டது.

கொட்டகைக்குள் போய் நின்றபோது அந்தக் குதிரை மழையில் நனைந்த மாதிரி இருந்தது. நோபுயோ சேணத்தைக் கழற்றினாள். எய்கிச்சி அண்ணன் வைக்கோலை உருவி முறுக்கிக் கழுத்திலிருந்து ஆரம்பித்தார். எனக்கு ஒன்று எறிந்தார். யாரும் சொல்லாமலே கினு அக்கா ஒன்றை முறுக்கிக்கொண்டாள். அவள் உயரத்துக்கு வயிறும் கால்களும்தான் எட்டும். முதுகு ஏற்கெனவே மடிந்திருந்ததால் குனிய வேண்டியிருக்கவில்லை.

நாலு மணிக்கு வீட்டுக்குள் தொலைபேசி அடித்தது.

கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே இருபது தப்படிதான். மணி நன்றாகக் கேட்டது. கினு அக்காவின் கை நின்றது. ஒரு கால் வாசல் பக்கம் திரும்பியது. அந்த ரப்பர் பூட்ஸ் திரும்பியதை நான் பார்த்தேன்.

"அக்கா, நான் போயி எடுக்கட்டா?" என்றேன்.

குதிரையின் அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது. "கினு. பின்னங்கால் இன்னும் ஈரம்."

உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தது. கொழுத்த ட்ராக்டர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கினு அக்கா அந்தக் காலைத் திரும்ப வைத்தாள். வைக்கோலைப் புதிதாக முறுக்கினாள். இடது பின்னங்கால், பிறகு வலது. முட்டியின் உள்பக்கம். குளம்புக்கு மேலே அந்த மயிர்க்கட்டு. ஒன்றையும் விடவில்லை. நான் இருபத்திரண்டு மணி எண்ணினேன். பிறகு எண்ண ஒன்றும் இல்லை.

அவர் வந்து அவள் தேய்த்த இடங்களைப் புறங்கையால் தடவிப் பார்த்தார். "ம். காஞ்சிருச்சு" என்றார். "இனி மனுசன் குளிக்கலாம்." நடந்து போய்த் தானாகவே சட்டையைக் கழற்றினார். குளிக்காத பன்னிரண்டாவது நாளோ பதின்மூன்றாவது நாளோ, தொட்டியில் கழுத்து வரை அமிழ்ந்து உட்கார்ந்து பாட்டுக்கூடப் பாடினார். பாட்டு மகா மோசம்.

கினு அக்கா கொட்டகையிலேயே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கை முழுக்கக் குதிரை மயிர்.

"ஃபோன் போயிருச்சேக்கா" என்றேன்.

"போயிருச்சு."

"மகன்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

"குதிரை நனைஞ்சிருந்துச்சுன்னு சொல்லுவேன். அவனும் இந்த வீட்டுப் புள்ளதானே, புரியும்." எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அலுப்பா இருக்கு தம்பி. நாளைக்கும் இதே அலுப்புத்தான் இருக்கும். அது தெரியாமத் தேய்க்கல."

குளித்து வந்தவருக்கு அவள் துண்டு கொடுத்தாள். அவர் குனிந்து வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க அம்மணி. உங்க பேரு?" என்றார்.

"கினு."

"நல்ல பேரு" என்றார். "எங்க வீட்டுக்காரி பேரும் அதுதான்."

ஊரில் யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்லிவருகிறேன். முராய் கேட்டபோதும் சொன்னேன், மசாஹிகோ தொலைபேசியில் அழுதபோதும் சொன்னேன். புதன்கிழமைகளில் வேனில் ஏறும் கிழவர்கள் மறுபடி மறுபடி கேட்கிறார்கள். மறந்துவிடுவதால் அவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசு. நானும் ஒரு சொல் மாற்றாமல் சொல்கிறேன்.

பனி உருகிக் கை கல்லில் பட்டால் மட்டும் இதையும் சொல்ல வேண்டிவரும்: எங்கள் மையத்துக்கு மாமே முதன்முதலாக வந்து இறங்கியது அந்த வருஷம் மே மாதம். எய்கிச்சி அண்ணனை நகரத்து விடுதியில் கொண்டுபோய் விட்டது அதற்கு மூன்று மாதம் முன்னால், பிப்ரவரியில்; வேனை ஓட்டியவன் நான்.